கிழக்கே திரும்பிய வீடு

முதலில் நகர்ந்தது முனியசாமியின் காபி டம்ளர்தான்.

எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த பலகையின் மேல் அதை வைத்திருந்தேன். யாரும் அதைத் தொடவில்லை. ஆனாலும் டம்ளர் மெல்ல, ரொம்ப மரியாதையாக, பலகையின் விளிம்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். முனியசாமியும் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அய்யாவும், அதாவது பெண்ணின் அப்பாவும், பார்த்தார். மூன்று பேரும் அதைப் பிடிக்கவில்லை. பெண் பேச்சு நடக்கிற இடத்தில் கை நீட்டுவது மரியாதையோ இல்லையோ என்று ஆளுக்கொரு யோசனை.

"தம்பி, ஒங்க வீடு எங்கயோ கெளம்பிருச்சு போல" என்றார் முனியசாமி.

அடுத்த கணம் டம்ளர் கவிழ்ந்தது. கீழே திறந்து கிடந்த என் டைரியின் மேல் காபி முழுவதும் கொட்டியது. அன்றைய பக்கத்தில் இப்போதும் "தை, வியாழக்கிழமை" என்பது வரைதான் படிக்க முடிகிறது. தேதி இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஒரு வட்டம். எதையும் தேதியோடு எழுதிப் பழகியவனுக்கு இது பெரிய குறை. தை அமாவாசைக் கூட்டம் கலைந்த பிறகு வந்த வியாழன் என்பது மட்டும் நிச்சயம்.

ஒரு வாசகி கேட்டது

வண்டியிலேயே ஐந்து வருஷம் குடியிருந்தேன் என்று போன வாரம் எழுதியிருந்தேன். அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு வாசகி கார்டு போட்டிருக்கிறார். "அதெல்லாம் சரி. அப்படிப்பட்டவருக்குப் பெண் கொடுத்த மகராசர் யார்?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இந்த வாரம் அதற்குத்தான் பதில்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு இரண்டு வரி. நான் ஃபோட்டோக்காரன். யுத்தம் முடிந்ததும் ஏலத்தில் விட்ட ராணுவ ஆம்புலன்ஸ் வண்டி ஒன்று என் கைக்கு வந்தது. அதில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த முன்பாதியைக் கறுப்புத் துணியால் மறைத்து இருட்டறை ஆக்கினேன். அங்கேதான் படம் கழுவுவேன். பின்பாதியில் இரண்டு பக்கமும் பெஞ்சு, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு டிரங்குப் பெட்டி, புத்தகங்கள். பெஞ்சுகளில் ஒன்று என் கட்டில். ராமநாதபுரம், கடலாடி, கமுதி, சாயல்குடி என்று சந்தைக்குச் சந்தை போவேன். விசேஷ நாட்களில் ராமேஸ்வரம். வேறு வீடு எனக்குக் கிடையாது.

சாலை கற்றுக்கொடுத்தவை

வண்டியில் குடியிருப்பவன் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது தூங்குவது எப்படி என்று. தரை மட்டமாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. தட்டில் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்தால்தான் தெரியும். கால் பக்கம் உயர்ந்து தலைப்பக்கம் தாழ்ந்தபடி ஒரு ராத்திரி படுத்தேன். காலையில் கண்ணாடியில் என் முகம் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் யாரிடமாவது போய் "இன்னார் வந்திருக்கிறேன்" என்று சொல்லிவிட வேண்டும். ஆரம்பத்தில் இது எனக்குத் தெரியாது. கடலாடிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் வண்டியை நிறுத்தினேன். கால் மணி நேரத்தில் தெருவில் ஓர் ஆள் இல்லை. ஆம்புலன்ஸ் வண்டியல்லவா, அம்மை குத்த வந்திருக்கிறார்கள் என்று மொத்த ஊரும் பனங்காட்டுக்குள் போய்விட்டது. நாய் ஒன்றுதான் மிச்சம். அதை ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆவணி மாதத்தில் பனைக்கு அடியில் நிறுத்தக் கூடாது. கூரையில் பழம் விழுந்த பள்ளங்கள் ஏழு இருந்தன. கடற்கரையில் மூன்று நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. நான்காம் நாள் கதவுக் கீல் அழும். கிளம்புவதற்கு முன் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும். ஒரு தடவை சாயல்குடியிலிருந்து கடலாடி வரைக்கும் ஒரு கோழி அடியில் எங்கோ உட்கார்ந்தபடியே வந்துவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு நாள் ஆயிற்று. அந்த வீட்டு அம்மாள், "முட்டை எங்கன?" என்று கேட்டாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம் தரையைப் பற்றியது. புதிய தரையில் வண்டியை இறக்குவதற்கு முன் நீ நடந்து பார். குதிகால் புதைந்தால் திரும்பி வா. இந்த விதியை ஐந்து வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் மீறினேன். அது எந்த நாள் என்று வாசகர் ஊகித்திருப்பார்.

கடல் தாண்டிய வேட்டி

அதற்கு முன் ஒரு கிளைக்கதை.

அந்தக் காலத்தில் பாம்பனுக்கு ரோடு கிடையாது. ரயில் பாலம்தான். வண்டியைத் தீவுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் மண்டபத்தில் திறந்த கூட்ஸ் வாகனில் ஏற்றி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கயிறு போட்டுக் கட்டி அனுப்ப வேண்டும். வண்டிக்குள் ஆள் இருக்கக் கூடாது. நான் டிக்கெட் எடுத்துப் பின்னால் ஒரு பெட்டியில் உட்கார்ந்துகொள்வேன்.

முதல் தடவை பாலத்தின் நடுவில் ரயில் ஊர்ந்துகொண்டிருந்தபோது ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். முன்னால் என் வீடு போய்க்கொண்டிருந்தது. கீழே பச்சைக் கடல். காலையில் காயப் போட்ட என் வேட்டியை எடுக்க மறந்திருக்கிறேன். அது கொடியில் பறந்து, பாலம் முழுக்க எல்லோருக்கும் டாட்டா காட்டிக்கொண்டு போனது.

பக்கத்தில் இருந்த வடநாட்டுப் பெரியவர் ஒருவர் அதைக் கைகூப்பிக் கும்பிட்டார். ஏதோ கோயில் கொடி என்று நினைத்திருப்பார். நான் திருத்தவில்லை.

சொந்த வீடு

இப்போது தை மாதத்துக்கு வருகிறேன்.

கடலாடியில் என் அக்கா இருந்தாள். எங்களுக்குப் பெற்றோர் இல்லை. எனக்கொரு பெண் பார்த்துவிட வேண்டும் என்று அவள் நின்ற காலில் நின்றாள். ஏற்கெனவே இரண்டு இடத்தில் பேசி, வீடு எது என்று தெரிந்ததும் இரண்டு பேரும் நழுவிவிட்டார்கள். மூன்றாவதாகக் கமுதிக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெண். பெயர் பஞ்சவர்ணம். மிளகாயும் பருத்தியும் போடுகிற சம்சாரி வீடு.

கார்த்திகையில் அக்காவோடு போய்ப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தேன். அவள் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்து ஒரு தடவை என்னைப் பார்த்தாள். சந்தையில் பருத்தியைக் கையில் எடுத்து இழை இழுத்துப் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை. அதற்குப் பிறகு இரண்டு வாரம் நான் கழுவிய படங்களில் பாதி கறுத்துப்போயின.

அக்கா என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்: "ஏலே, இதுவும் தட்டிப்போச்சுன்னா அந்தத் தகரத்தை வித்துட்டு ராமநாதபுரத்துல ஒரு வாடகை வீடு பாத்து உக்காரணும். சத்தியம் பண்ணு." பண்ணினேன். ஆக, பெண்ணும் வண்டியும் ஒரே நூலில் தொங்கின.

பெண் வீட்டாரிடம் அக்கா என்ன சொன்னாள் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. "சொந்த வீடு இருக்கு. மண்டபத்துல கடலைப் பாத்து நிக்கும்." ஒவ்வொரு சொல்லும் உண்மை. மொத்தமாகச் சேர்த்தால்தான் பொய்.

எங்கள் பக்கம் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டை நேரில் பார்க்காமல் கை நனைக்க மாட்டார்கள். தாய்மாமன் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அந்தத் தாய்மாமன்தான் முனியசாமி.

வாசல் எந்தப் பக்கம்?

ரயிலை விட்டு இறங்கி நாலு பேர் வந்தார்கள். பஞ்சவர்ணத்தின் அய்யா, முனியசாமி, பேச்சுத் துணைக்கு இரண்டு பங்காளிகள். அய்யா அதிகம் பேசாத மனிதர். முனியசாமி அதற்கும் சேர்த்துப் பேசுவார். வியாழக்கிழமை கிழக்கே சூலம் இல்லை என்று பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்து வந்தவர்.

நான் வண்டியைக் கழுவித் துடைத்து, ரோட்டோரக் கெட்டித் தரையில் நிறுத்திக் கதவில் மாவிலை கட்டியிருந்தேன். முனியசாமி வண்டியைத் தாண்டி அப்பால் பார்த்தார்.

"வீடு எங்கன தம்பி?"

"இதுதான்."

அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சம்சாரி மாடு பிடிக்கிற மாதிரி டயரைத் தட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "ஒங்க அக்கா வாய் தேன்" என்றார்.

பங்காளிகள் சிரித்துவிட்டார்கள். அய்யா மட்டும் சிரிக்கவில்லை. "வந்தது வந்தாச்சு. உள்ள பாப்போம்" என்றார்.

படியில் காலை வைத்த முனியசாமி நின்றார். வானத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார்.

"வாசல் தெக்க பாத்துல்ல இருக்கு? தெக்கு வாசல்ல பிள்ளையக் குடுக்குற வழக்கம் எங்களுக்குக் கெடையாதே."

அங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது. என் வீட்டின் பெருமையைக் காட்ட இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா என்று தோன்றிற்று. "ஒரு நிமிஷம் பொறுங்க மாமா" என்று சொல்லி முன்னால் ஏறி வண்டியைக் கிளப்பினேன். முன்னே எடுத்து, ஒடித்து, பின்னால் வாங்கி நிறுத்தினேன். இறங்கி வந்து, "இப்ப கிழக்கு" என்றேன்.

முனியசாமி மறுபடி வானத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். பங்காளிகளில் ஒருவர், "அடேயப்பா, நம்ம வீட்டு வாசல மாத்தணும்னா கொத்தனார் ஒரு மாசம் திம்பான்" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

புரியாததால்தான் பின் சக்கரம் இரண்டும் ரோட்டோரத்தை விட்டு மணலுக்கு இறங்கியதைக் கவனிக்கவில்லை. நடந்து பார்க்கவில்லை. குதிகாலை வைத்துப் பார்க்கவில்லை. நாலு பேரையும் உள்ளே ஏற்றிப் பெஞ்சில் உட்கார வைத்தேன். நாலும் உழைத்த உடம்பு. காபி போட்டேன்.

அதற்குப் பிறகு டம்ளர் நகர்ந்த கதைதான் உங்களுக்குத் தெரியுமே.

ஐலசா

வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்து அச்சு வரைக்கும் மணலில் உட்கார்ந்துவிட்டது. நாலு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்து வெளியே இறங்கினார்கள். நான் எஞ்சினை எவ்வளவு உறுமவிட்டும், சக்கரம் இன்னும் ஆழமாகக் குழி தோண்டியதுதான் மிச்சம்.

சற்றுத் தள்ளி வலை காயப் போட்டுக்கொண்டிருந்த காதர் பாய் வந்து எட்டிப் பார்த்தார். மண்டபத்தில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அக்கம்பக்கம் அவர்தான்.

"என்னா ஃபோட்டோக்காரரே, தரை தட்டிருச்சா?"

"பெண் வீட்டுக்காரங்க பாய்" என்றேன் தாழ்ந்த குரலில்.

"யா அல்லா! இப்பிடியா ஒக்கார வைப்பாக?"

காதர் பாய் ஆறு ஆட்களோடும், வள்ளத்தைக் கரையேற்றும்போது அடியில் கொடுக்கிற உருட்டுக்கட்டைகளோடும் வந்தார். அவர்கள் வண்டியை வண்டியாகவே நினைக்கவில்லை. மணலைப் பறித்து, கட்டையைத் திணித்து, வடத்தைக் கட்டி, வள்ளம் இழுப்பது போலவே வரிசையாக நின்றார்கள்.

முனியசாமி கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றிப் பங்காளி கையில் கொடுத்தார். "தள்ளுய்யா, சும்மா நிக்க வெக்கமா இருக்கு" என்று பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார். அய்யாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். ஐலசா, ஐலசா என்று இரண்டு மணி நேரம். வீடு பார்க்க வந்தவர்கள் வீட்டைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

வண்டி ரோட்டில் ஏறியபோது அவர்கள் போக வேண்டிய ரயில் போய்விட்டிருந்தது.

"நானே கொண்டுபோய் விட்டுர்றேன்" என்றேன். வேறு வழி இல்லாமல் ஏறினார்கள். அய்யா முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மற்றவர்கள் பின்னால்.

ராமநாதபுரம் தாண்டியதும் முனியசாமி இருட்டறைத் துணியை விலக்கி முன்னால் தலையை நீட்டினார். கோபம் எதுவும் இல்லை.

"தம்பி, ஒங்க மேல ஒரு குத்தமும் சொல்லல. நல்ல பிள்ளைதான். ஆனா இன்னைக்கு இங்கன, நாளைக்கு அங்கன. எங்க பிள்ளையப் பாக்கணும்னு ஆத்தாகாரிக்குத் தோணுனா எந்த ஊரு, எந்தத் தெருன்னு வந்து தேடுறது? முதுகுளத்தூர்ப் பக்கம் இன்னொரு வரன் வந்துருக்கு. நாலு தலைமுறையா நகராத கல்வீடு."

"நீங்க தேட வேணாம் மாமா. நாங்க வந்துருவோம்."

"வருவீக, வருவீக. இன்னைக்கு வந்த மாதிரி" என்றார். தலையை உள்ளே இழுத்துக்கொண்டே, "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்றார்.

சொல்லி அனுப்புகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஜில்லாவில் எல்லோருக்கும் தெரியும். இதற்கு முன் இரண்டு பேர் அதே சொல்லைச் சொல்லிவிட்டுப் போனவர்கள்தான். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். வண்டியை யாரிடம் விற்கலாம் என்று மனதில் ஆட்களை அடுக்கிப் பார்த்தேன்.

ஊருணிக் கரை

அவர்கள் ஊர் எல்லையில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. பொழுது சாய்கிற நேரம். நல்லவேளை, ஊருணி பக்கத்திலேயே இருந்தது. அந்த ஊருக்கே குடிதண்ணீர் அதுதான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கரையில் ஏறவேண்டும். குளிப்பது, துவைப்பது எதுவும் கூடாது. நான் செருப்பைக் கழற்றினேன். ஆனால் வாளியைத் தண்ணீரில் விடத் தயங்கினேன். மனிதர் குடிக்கிற தண்ணீரை எஞ்சினுக்கு எப்படிக் கேட்பது?

படியில் குடத்தோடு நின்ற பெண்கள் எல்லோரும் வண்டியையே பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி பஞ்சவர்ணம். அய்யாவும் மாமனும் மணலும் கிரீஸுமாக இறங்கிய கோலத்தைப் பார்த்து அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வீடு பாக்கப் போனீகளா, வீடு கட்டப் போனீகளா மாமா?"

"கேக்காத தாயி. வீட்டைத் தூக்கிட்டு வந்துருக்கோம்" என்று முனியசாமி நடந்ததை எல்லாம் சொன்னார். தெற்கு வாசல் கிழக்கு வாசலானதைச் சொன்னபோது பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. படியேறி வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். திறந்திருந்த கதவு வழியாக உள்ளேயும் பார்த்தாள்.

"இது எத்தனை குடம் குடிக்கும்?" என்று மாமனைத்தான் கேட்டாள்.

"ஒரு குடம் போதும். ஆனா கொஞ்சம் ஆறணும். இப்பத் தொறந்தா மூஞ்சியில அடிச்சிரும்" என்று நானே பதில் சொன்னேன்.

ஆறட்டும் என்று எல்லோரும் நின்றோம். அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு வாழ்வு கொடுத்தது.

"மாமா, வாசல் கேட்டீக, தெச கேட்டீக. இவுக வீட்டுக்குத் தண்ணி எம்புட்டுத் தூரம்னு கேட்டீகளா?"

முனியசாமி விழித்தார். "அதக் கேக்கலையே."

"அந்த முதுகுளத்தூர்க் கல்வீட்டுக்குத் தண்ணி ரெண்டு மைலு. போக ரெண்டு, வர ரெண்டு. அந்த மாப்பிள்ளையோட அக்காவே சொன்னாக."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் கேள்வி என்னிடம்தான் என்று ஊருணிக்கே தெரியும்.

"இப்போதைக்குப் பத்து எட்டு வச்சாப் போதும்" என்றேன்.

அவள் கண் வண்டியின் படியிலிருந்து ஊருணிப் படி வரைக்கும் போய் வந்தது. எண்ணிப் பார்த்திருப்பாள்.

"சித்திரையில இது வத்திரும் மாமா. அப்ப என்னா செய்வாகளாம்?"

"வத்துனா, வத்தாத ஊருக்கு வீட்டை ஓட்டிக்கிட்டுப் போயிருவேன்."

குடத்தோடு நின்ற பெண்களில் ஒருத்தி, "எம்மாடி" என்றாள். காலையிலிருந்து ஒரு தடவைகூடச் சிரிக்காத அய்யா சிரிக்க ஆரம்பித்தார். குலுங்கிக் குலுங்கி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நாப்பது வருசமா இந்த ஊருணியப் பாத்துக் கவலப்பட்டுக்கிட்டு ஒக்காந்துருக்கேன். இப்பிடி ஒரு வழி இருக்குறது தெரியாமப் போச்சே" என்றார்.

"நெலம் வச்சிருக்குறவன் எங்கிட்டுப் போறது?" என்று முனியசாமி முணுமுணுத்தார்.

மூடியைத் திறந்தேன். அவள் குடத்தை நீட்டினாள். ரேடியேட்டர் முழுக் குடத்தையும் குடித்தது. நான் எல்லோரையும் கும்பிட்டுவிட்டு முன்னால் ஏறப் போனேன். முனியசாமி தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, "சரி தம்பி, பாத்துப் போங்க. சொல்லி அனுப்புறோம்" என்றார்.

பஞ்சவர்ணம் காலிக் குடத்தை இடுப்பில் வைத்தாள்.

"எங்கன சொல்லி அனுப்புவீக மாமா? எந்த ஊரு, எந்தத் தெருன்னு தேடுவீக? சொல்றத இப்பவே, ஆளு நிக்கும்போதே சொல்லிருங்க."

முனியசாமி அய்யாவைப் பார்த்தார். அய்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்லிரு முனியசாமி" என்றார்.

பங்குனி முகூர்த்தத்தில் எங்கள் கல்யாணம் நடந்தது. அன்றைக்கு ஊருணியில் இன்னும் நாலு படி ஆழத்துக்குத் தண்ணீர் இருந்தது.